‘டரெட்’ என்பதற்குச் ‘சுழல்கூண்டு’

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

டாங்கியின் மேல் சுழலும் ஆயுத அறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டரெட்’ (turret) என்பதற்குத் தமிழில் தாங்கள் முன்மொழிந்த ‘பீரங்கிக் கோபுரம்’ என்னும் சொல்லை, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 1926இல் ஒன்றே ஒன்றாகக் கட்டி முடித்த ஏ1ஈ1 இண்டிபெண்டென்ட் டாங்கியின் மீது பொருத்திப் பார்த்தேன். அது அங்கே நிற்கவில்லை. அந்த டாங்கியின் நடுவே 47 மி.மீ. பீரங்கி தாங்கிய பெரிய டரெட் ஒன்றும், அதைச் சூழ ஒவ்வொன்றிலும் ஓர் இயந்திரத் துப்பாக்கியுடன் சிறிய டரெட்கள் நான்கும் இருந்தன. சிறியவற்றில் பீரங்கியே இல்லை. மேலும், கோபுரம் என்றால் உயர்ந்து, அசையாது நிற்பது என்றே தமிழ் வாசகர் கொள்வார். இங்கோ சுழல்வதுதான் உயிர்ப்பண்பு.

ஆகவே ‘சுழல்கூண்டு’ என்பதை முன்வைக்கிறேன். இது வினைத்தொகை, ‘சுழற்கூண்டு’ என்று திரிக்க வேண்டியதில்லை. ‘கூண்டு’ என்றாலே போதும் என்று இந்தக் கலைச்சொல் உரையாடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது போதாது. முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கிய மார்க் 1 டாங்கியின் இரு விலாக்களிலும் துருத்திக்கொண்டிருந்த ஆயுத அறைகள் முழுவட்டமாகச் சுழலாதவை. அவற்றையும் கூண்டு என்றே சொல்ல நேரும். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு மறைந்துவிடும்.

நடுவில் இருப்பதைத் ‘தலைமைக்கூண்டு’ என்றும், மற்றவற்றைத் ‘துணைக்கூண்டு’ என்றும் வழங்கலாம். ‘துப்பாக்கிக்கூண்டு’ என்பது இண்டிபெண்டென்டுக்குப் பொருந்தினாலும், அதே ஐந்து கூண்டு அமைப்பில் சோவியத் நாடு கட்டிய டி-35க்குப் பொருந்தாது. அதன் துணைக்கூண்டுகளில் இரண்டு, 45 மி.மீ. பீரங்கி கொண்டவை.

இவ்வகை முழுவதற்கும் ‘பல்கூண்டு டாங்கி’ என்பது என் துணிபு. தோற்றுப்போன ஒரு வடிவமைப்புக்குத் தனிச்சொல் தேவையா என்ற கேள்விக்கு, அது ஏன் தோற்றது என்பதிலேயே விடை இருக்கிறது. எட்டுப் பேர் அமர்ந்த, 30 டன்னைத் தாண்டிய நீண்ட இண்டிபெண்டென்ட் வண்டியில், ஐந்து கூண்டுகளும் எங்கே சுடவேண்டும் என்பதைத் தலைமைக்கூண்டில் இருந்த தளபதி ஒருவரே பார்த்துச் சொல்லியாக வேண்டும். அதற்கென்றே குரல்வளையில் பொருத்தும் ஒலிவாங்கி வைத்த உட்பேச்சுக் கருவி அமைத்தார்கள். கூண்டுகள் கூடக்கூட எடையும் நீளமும் கூடின. செலவும் எட்டாத உயரத்துக்குப் போனது, படையில் சேராமலே திட்டம் நின்றது. டி-35களிலும் பெரும்பாலானவை 1941இல் எதிரியின் குண்டுக்கு இரையாகும் முன்பே பழுதாகி வழியில் கைவிடப்பட்டன. ஆயுதங்களைப் பல கூண்டுகளில் பரப்பியதே இவற்றின் துன்பங்களுக்கெல்லாம் வேர் என்பதால், அந்தப் பன்மை சொல்லிலேயே தெரியவேண்டும் என்று விரும்புகிறேன்.

மார்க் 1இன் விலா அறைகளுக்குப் ‘பக்கப்புடைப்பு’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். உருவத்தைச் சொல்லும் அளவுக்கு அச்சொல் அதன் பயனைச் சொல்லவில்லை. பொருத்தமான சொல் தங்களிடம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். ‘சுழல்கூண்டு’டன் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.