'ஜாவா' என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

காவிரிக்கரை

வீட்டில் நடந்த சண்டை, இங்கே பஞ்சாயத்துக்குக் கொண்டு வருகிறேன்.

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "இந்த செமஸ்டர் ஜாவா இருக்கு, பயமா இருக்கு" என்றாள். ஊஞ்சலில் படுத்திருந்த மாமா, "ஜாவால படிக்க என்ன இருக்கு? கிளட்ச் கேபிள் மாத்தத் தெரிஞ்சா போதும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நீங்க ரெண்டு பேரும் சொல்றது இரவல் பெயர். ஜாவாங்கறது இந்தோனேசியாவுல இருக்கற தீவு. பதினைந்து கோடிப் பேர் வாழற இடம். மத்த எல்லாரும் அதுகிட்ட வாங்கிக்கிட்டவங்க" என்றேன். அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இருவரும் கூட்டணி சேர்ந்து என்மேல் பாய்ந்துவிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: பெயர் தீவுக்குச் சொந்தம். கணினி மொழி, மோட்டார் சைக்கிள், காப்பி எல்லாம் கிளைகள். மறுப்பவர்கள் வரலாம்.

பழையகிக்கர்

மாமா பக்கம் ஒரு ஓட்டு. அதுவும் காரணத்தோடு.

வண்டிக்கும் தீவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செக் நாட்டில் யானெச்செக் என்று ஒரு ஆயுதத் தொழிலதிபர். 1929-இல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். தன் பெயரில் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரில் முதல் இரண்டு எழுத்து, சேர்த்தால் ஜே-ஏ-டபிள்யூ-ஏ. அவர்கள் ஊரில் அதை 'யாவா' என்றுதான் சொல்வார்கள். 1961-இல் மைசூரில் அந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தபோது நாம்தான் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜாவா' என்று படித்தோம். தீவுக்கு அதில் ஒரு பைசா பங்கு கிடையாது.

அப்புறம் ஒன்று. இரண்டு சைலன்சரும் சேர்ந்து டப்டப் என்று வரும் சத்தத்தைக் கேட்டவன் எவனும் 'ஜாவா' என்றால் வரைபடத்தைத் தேட மாட்டான்.

காவிரிக்கரை

சரி, வண்டியை விட்டுக்கொடுக்கிறேன். அது தற்செயல். மற்றவை?

வரிப்பிழை404

பதினாறு வருடமாக இந்த மொழியில்தான் சோறு. ஆகவே நான் பேசலாம்.

மொழிக்கு முதலில் வைத்த பெயர் ஓக். மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் வேலை செய்த அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயர். அதே பெயரில் இன்னொரு கம்பெனி இருந்ததால் விட வேண்டியதாயிற்று. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 'ஜாவா' என்று வெளியிட்டது. அது தீவைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, காப்பியைப் பார்த்து வைத்தது. அமெரிக்கப் பேச்சில் ஜாவா என்றால் காப்பி. சின்னமே ஆவி பறக்கும் கோப்பைதான். நிரலைக் கணினிக்காகத் தொகுத்தால் (compile) கிடைக்கும் ஒவ்வொரு கோப்பும் பதினாறடிமான எண்ணில் 'கஃபே பேப்' (CAFEBABE) என்ற எழுத்துகளோடுதான் தொடங்கும். எங்கேயாவது தென்னைமரம் பார்த்தீர்களா? எரிமலை?

ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம். மோக்கா என்று பிறந்து, லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அதே 1995 டிசம்பரில் ஜாவாவின் புகழில் குளிர்காய்வதற்காக மூன்றாவது பெயர். இரண்டுக்கும் உறவு என்று நினைத்து நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு முடி கொட்டிவிட்டது.

காவிரிக்கரை

> காப்பியைப் பார்த்து வைத்தது

காப்பிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததாம்? தீவிலிருந்துதானே? இடையில் ஒரு படி இருந்தால் பேரன் பேரன் இல்லை என்று ஆகிவிடுமா?

உங்கள் ஆட்களே தீவை மறக்கவும் இல்லை. கோட்லின் என்ற மொழிக்கு அந்தப் பெயர் ஏன்? ஜாவா தீவு என்றால் நாங்களும் ஒரு தீவின் பெயர் வைக்கிறோம் என்று ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துத் தீவை எடுத்துக்கொண்டார்கள். லொம்போக் என்ற நிரல் நூலகத்தின் பெயரும் பாலிக்குப் பக்கத்துத் தீவுதான். 2018-இல் ஜாவா என்ற வணிகப் பெயரை, சன் கம்பெனியை வாங்கியிருந்த ஆரக்கிள் தர மறுத்தபோது, பெரிய நிறுவனங்களுக்கான ஜாவாவின் 'நிறுவனப் பதிப்பு'க்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஜகார்த்தா! தீவின் பெயர் கிடைக்கவில்லையா, தலைநகரின் பெயரை எடுத்துக்கொள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வரிப்பிழை404

ஜகார்த்தா நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெயர் மாற்றத்துக்காக நூற்றுக்கணக்கான கோப்புகளில் 'import' என்று தொடங்கும் நிரல் வரிகளை மாற்றியவன் நான், எனக்கு அது சிரிப்பாக இல்லை.

ஆனால் காப்பியை இவ்வளவு நம்பாதீர்கள். தீவில் முதலில் காப்பிச் செடியே கிடையாது. டச்சுக்காரர்கள் 1696-இல் மலபாரிலிருந்து கன்றுகளைக் கொண்டுபோனார்கள். வெள்ளத்தில் போயின. 1699-இல் திரும்பவும் கொண்டுபோய் நட்டார்கள். பிறகு ஐரோப்பாவுக்குக் காப்பி போகப்போக, தீவின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் கணக்குப்படி பார்த்தால் மொழிக்கு 'மலபார்' என்றுதான் பெயர் இருக்க வேண்டும்.

தென்மராட்சியான்

தீவுப் பெயர் என்றதும் ஓடி வந்தேன். ஜாவாவுக்குப் போட்டியாக எங்கள் நாட்டுப் பெயரிலும் ஒரு மொழி வந்தது, 2011-இல், 'சிலோன்'. காப்பிக்கு எதிராகத் தேத்தண்ணி என்ற பகிடி. பெயர் நல்ல பெயர், மொழி எடுபடவில்லை.

இனி விசயத்துக்கு வருவம். நான் பிறந்த ஊர் சாவகச்சேரி. சாவகர், அதாவது ஜாவாக்காரர், குடியிருந்த சேரி என்றுதான் எங்கள் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். 1247-இல் சந்திரபானு என்ற சாவக அரசன் படையோடு இலங்கைக்கு வந்தான். பிறகு வடக்கில் ஆட்சியும் செய்தான். ஆக, கம்ப்யூட்டரும் மோட்டார் சைக்கிளும் வருவதற்கு எழுநூறு வருடத்துக்கு முன்னமே ஜாவாக்காரர் எங்கள் ஊருக்கு வந்திட்டினம். தீவுக்குத்தான் என் ஓட்டு.

நூலகப்பூனை

தென்மராட்சி ஐயா, ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சந்திரபானு ஜாவா தீவைச் சேர்ந்தவனே இல்லை. அவன் தாம்பிரலிங்க அரசன், இன்றைய தாய்லாந்தின் தெற்கு, மலாய்த் தீபகற்பத்தில் இருக்கும் நகோன் சி தம்மராத் பகுதி. 1230-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே சாயா என்ற ஊரில் கிடைத்திருக்கிறது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் அவனை 'ஜாவகன்' என்கிறது. பாண்டியன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டும் 'சாவகன்' என்றே பேசுகிறது. ஆக, 13-ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்தில் சாவகன் என்றால் 'அந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிற மலாய் மக்கள்' என்று பொதுவாகத்தான் பொருள். ஒரு தீவு இல்லை.

இதற்குள் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. தமிழில் 'சாவகர்' என்றால் சமண இல்லறத்தாரும்தான். சிராவகர் என்பதன் திரிபு. சிலப்பதிகாரத்தில் வரும் 'சாவக நோன்பிகள்' கப்பலேறி வந்தவர்கள் அல்லர்.

காவிரிக்கரைக்கு ஒரு கேள்வி: நமக்குச் சாவகம் என்ற பழைய பெயர் இருக்கும்போது ஜாவா எதற்கு? மணிமேகலையில் ஆபுத்திரன் மழை பொய்த்த சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். நடுவழியில் மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அங்கேயே உயிர் விடுகிறான். மறுபிறவியில் அதே சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்து நாகபுரத்தில் அரசாள்கிறான். அந்தப் பெயரையே எழுதலாமே?

பழையகிக்கர்

"சாவகம் 250 விற்பனைக்கு, இரண்டாம் கை" என்று விளம்பரம் போட்டால் எவன் வருவான்?

வரிப்பிழை404

சாவகமாவது பரவாயில்லை. கிரந்தம் வேண்டாம் என்று ஒருவர் 'சாவா' என்று எழுதிய பாடக்குறிப்பைப் பார்த்திருக்கிறேன். சாவா என்றால் தமிழில் சாகாத என்று பொருள், 'சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று' என்று குறளே இருக்கிறது. ஆனால் யோசித்தால் பொருத்தம்தான். வருடா வருடம் இந்த மொழி செத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். சாகமாட்டேன் என்கிறது.

தென்மராட்சியான்

பூனையார் சொன்னதைப் பார்த்தேன். தாம்பிரலிங்கம் சரி. ஆனால் அந்த மக்களுக்கு அப்பெயர் எப்படி ஒட்டியது? எங்கோ ஒரு மூலம் இருந்திருக்கத்தானே வேண்டும்? மூலம் தீவு என்றால் காவிரிக்கரை சொல்வது இன்னும் நிற்கிறது. சிங்களத்தில் இன்றும் மலாய்க்காரரை 'ஜா' மக்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

நூலகப்பூனை

மூலத்தைத் தேடிப் போனால் அங்கேயும் தீவு நிற்காது. யவத்துவீபம் என்று இராமாயணத்தில் வருகிறது, கிரேக்கப் புவியியலாளர் தாலமி கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இயபதியு என்று எழுதி, பார்லித் தீவு என்று பொருள் சொல்கிறார். யவம் என்றால் வாற்கோதுமை. அந்த வெப்பத்திலும் மழையிலும் வாற்கோதுமையா? அதனால் சிலர் அது ஜவாவுத் என்கிறார்கள், அந்த ஊர்ப் பெயரில் அது தினை. நம் தினைதான், முருகனுக்குத் தேனோடு கலந்து வைப்போமே, அதே தினை. ஆக, தீவும் ஒரு தானியத்திடம் பெயரை இரவல் வாங்கியதுதான்! வண்டிக்காரரையும் கம்ப்யூட்டர்காரரையும் இரவல் என்று கேலி செய்யும் தகுதி அதற்கு ஏது?

இரவல் வாங்கிய பிறகாவது ஒழுங்காக ஒரே இடத்தில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மார்க்கோ போலோ சுமத்ராவைச் 'சின்ன ஜாவா' என்கிறார். அரபுப் பயணி இபன் பதூதாவும் சுமத்ராவைத்தான் ஜாவா என்கிறார். மெக்காவில் அந்தத் திசையிலிருந்து வந்த யாராக இருந்தாலும் 'ஜாவி'. அரபு எழுத்தில் மலாய் எழுதும் முறைக்கும் ஜாவி என்றே பெயர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சாம்பிராணிக் கதை. வெள்ளிக்கிழமை வீட்டில் புகை போடுகிறோமே, அந்தச் சாம்பிராணிப் பிசின் பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து போன சரக்கு. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்திரிக்கம் என்றார்கள். ஐரோப்பியர் காதில் முன்னால் இருந்த 'லு' தங்கள் மொழியின் முன்னொட்டுப் போல விழுந்ததால் அதை வெட்டிவிட்டார்கள். மிச்சம் 'பான்ஜாவி'. அது பெஞ்சோயின் ஆனது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சோயிக் அமிலம். 1833-இல் மிட்ஷெர்லிஹ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்ததில் கிடைத்த திரவத்துக்கு வந்த பெயர்தான் இன்றைய பென்சீன். பள்ளி வேதியியலில் அறுகோணம் வரைகிறோமே, அதன் பெயருக்குள்ளும் ஜாவா உட்கார்ந்திருக்கிறது. அந்த ஜாவா உண்மையில் சுமத்ரா.

பழையகிக்கர்

அப்படியானால் ஜாவா வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் அதிலும் கொஞ்சம் ஜாவா இருக்கிறது! பெட்ரோலில் பென்சீன் உண்டு. மாமாவிடம் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

சாம்பிராணி என்னை உலுக்கிவிட்டது, உண்மை. ஆனாலும் ஒன்று. அரபுக்காரர்களும் வெனிஸ்காரர் மார்க்கோ போலோவும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். தூரத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுவான், வடக்கே போனால் நம் எல்லோரையும் மதராசி என்று சொல்வதைப் போல. அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அந்தத் தீவு ஜாவாதானே? அதைக்கூட மறுப்பீர்களா?

மில்காரன்

நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவன். இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

பாண்டுங்கில் ஒரு நூற்பாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பாண்டுங், மேற்கு ஜாவா மாகாணத்தின் தலைநகர், தீவின் மேற்குப் பகுதியில் மலைமேல் இருக்கிறது. லெபரான், அதாவது ரம்ஜான் பண்டிகைக்கு விடுமுறை கேட்டு ஒரு ஃபிட்டர் வந்தார். எங்கே போகிறாய் என்றேன். "ஜாவாவுக்கு, மாமியார் வீடு" என்றார். நான் சிரித்துவிட்டேன், "இப்போது எங்கே நிற்கிறாய்?" என்று. அவர் சிரிக்கவில்லை. "இது சுந்தா, சார். ஜாவா கிழக்கே இருக்கிறது" என்றார்.

மேற்குப் பகுதி மக்கள் சுந்தானியர். மொழி வேறு, எழுத்தும் தனி. அவர்களுக்கு ஜாவா என்றால் மத்திய ஜாவாவும் கிழக்கு ஜாவாவும். பஸ் ஏறி நாலைந்து மணி நேரம் போனால்தான் 'ஜாவா' வரும். அந்த மூன்று வருடத்தில் அங்கே ஒருவர்கூட தன்னை ஜாவாக்காரர் என்று என்னிடம் சொன்னதில்லை. ஜகார்த்தாவில் கேட்டால் பெத்தாவி என்று சொல்லும் பழங்குடி நகரத்தார் இருக்கிறார்கள், அவர்களும் தங்களை ஜாவாக்காரர் என்பதில்லை.

வரிப்பிழை404

ஆக, ஜகார்த்தாவே ஜாவாவில் இல்லை! எங்கள் நிறுவனப் பதிப்புக்காரர்கள் அறியாமலே சரியாகத்தான் பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

தென்மராட்சியான்

மில்காரத் தம்பி, ஒரு சந்தேகம். அப்ப உங்கட ஃபிட்டர் காப்பியை என்ன பெயர் சொல்லிக் கேட்பார்?

மில்காரன்

கோப்பி. கிட்டத்தட்ட உங்கள் ஊர் உச்சரிப்புத்தான். அங்கே கடையில் போய் 'ஒரு ஜாவா' என்றால் ஆள் தேடுவார்கள்.

காவிரிக்கரை

பொறுங்கள், முழுசாகச் சரணடையவில்லை. மத்திய ஜாவாவில் வாழும் ஜாவானியர் இருக்கிறார்களே, பல கோடிப் பேர், மொழிக்குப் பெயரே ஜாவா. அவர்களுக்கு இது இரவலும் இல்லை, தூரத்துப் பெயரும் இல்லை. 'தீவுக்குச் சொந்தம்' என்பதை 'மக்களுக்குச் சொந்தம்' என்று திருத்திக்கொள்கிறேன். 1891-இல் துப்வா என்ற டச்சு ஆய்வாளர் சோலோ ஆற்றங்கரையில் டிரினிலில் தோண்டியெடுத்த 'ஜாவா மனிதன்' என்ற ஆதிமனித மண்டையோடு கிடைத்ததும் அந்தக் கிழக்குப் பக்கம்தான்.

நூலகப்பூனை

இது பேசத் தகுந்த கட்சி. ஆனால் அப்போது உங்கள் பதினைந்து கோடிக் கணக்கு அடிபடும், சுந்தானியரைக் கழிக்க வேண்டும். அப்புறம் சாவகச்சேரியும் பென்சீனும் உங்கள் கிளைகளில் வராது. நாவல் பழத்தையும் வெளியே தள்ளுங்கள், ஆங்கிலத்தில் அதற்கு ஜாவா பிளம் என்று பெயர், மரம் என்னவோ நம் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கிறது.

காவிரிக்கரை

நாவலை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். அக்கா மகள் சாம்பிராணிக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள், தேர்வைப் பற்றி இப்போது பேச்சில்லை. மாமா கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த யானெச்செக்கோ யாரோ, அவன் பேரை ஒரு தாள்ல எழுதிக் குடு. நாளைக்கு மெக்கானிக்கிட்டச் சொல்லணும்" என்றார்.

பழையகிக்கர்

மாமாவிடம் கேளுங்கள், வண்டி இன்னும் ஓட்டத்தில் இருக்கிறதா? கிக்கரையே கியராக மடக்கும் அந்த லீவர் என்னிடம் ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது.