மறு: பதர்ச்செய்தியா, போலிச்செய்தியா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'ஃபேக் நியூஸ்' என்பதற்குக் கும்பகோணத்து நண்பர் முன்வைத்த 'பதர்ச்செய்தி' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு நெல், உள்ளே அரிசி இல்லை. ஆனால் களத்துமேட்டில் நின்றவர்களுக்கு ஒன்று உறுத்தும்: பதரை யாரும் விதைப்பதில்லை. பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாமலோ பூச்சி விழுந்தோ மணி பொய்த்துப்போனால் பதர். அதில் யாருடைய சூதும் கிடையாது.

பொய் பரப்பும் தளங்கள் அப்படியா? 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் மாசிடோனியாவின் வேலஸ் என்ற ஊரிலிருந்து இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை நடத்தினார்கள். பெயரும் முகப்பும் அமெரிக்க அரசியல் ஏடு மாதிரி; குறி விளம்பரக் காசு. நம்மூரில் இதற்கு இணை போலி விதைதான். பையில் அசல் போலவே அச்சு, முத்திரை. நாற்று விட்டவருக்குக் கதிர் வெளிவரும்வரை தெரியாது. ஆகவே தளத்துக்குப் 'போலி'யே இருக்கட்டும்.

இலக்கணத்தில் போலி என்றால் அறம் 'அறன்' ஆவதுபோல எழுத்து மாறியும் பொருள் மாறாதது, இங்கே நேர்எதிராக இருக்கிறதே என்று நம் குழுவின் தஞ்சாவூர் அம்மா கேட்டது ரசமான இடக்கு. ஆனால் போலி மருந்து, போலிப் பத்திரம் என்று ஊர்வழக்கு அதை எப்போதோ தீர்த்துவிட்டது. எனக்கு அதைவிட முக்கியம், எங்கே இடம் விடுகிறோம் என்பது. 'போலிச்செய்தித் தளம்' போலிச்செய்தி போடும் தளம். 'போலிச் செய்தித்தளம்' செய்தித்தளமாக வேடம் கட்டிய தளம். பட்டியலில் இரண்டையும் தனித்தனியே கொடுத்துவிடலாம்.

'ஹோக்ஸ்' புரளிதான். வதந்தி தானாகக்கூடப் பரவும். புரளியை ஒருவர் கிளப்ப வேண்டும். 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று 2016இல் கிளப்பினார்களே, அது.

சரி, பதரை அப்படியே தள்ளிவிடவும் மனமில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்தது உண்மை. அந்தப் படம் பிறகொரு வெள்ளத்தில் 'கல்லணை உடைந்தது, உடனே பகிரவும்' என்ற வரியோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் வெண்ணாற்றங்கரையில் இருக்கும் பெரியம்மா. அனுப்பிவிட்டு, விதைநெல் மூட்டையைத் திண்ணையிலிருந்து மச்சுக்கு ஏற்றச் சொல்லி ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். படம் அசல், ஊர் தப்பு, பெரியம்மாவின் பயம் நிஜம். அவரைப் போலி என்று எந்த வாயால் சொல்வது? தெரியாமல் கைமாற்றிவிடும் இந்த 'மிஸ்இன்ஃபர்மேஷன்'தான் பதர்த்தகவல். கொள்முதல் நிலையத்தில் கருக்காய் (முற்றாத நெல்) கலந்த நெல்லைக் கொண்டுவந்து நிற்கும் விவசாயி அதைத் தன் கையால் கலக்கவில்லை அல்லவா, அந்த மாதிரி.

அப்புறம், 'ஃபேக்ட் செக்'குக்கு, நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கும் 'தூற்றுதல்' வேண்டவே வேண்டாம். செய்தியைத் தூற்றுபவர் என்றால் ஏசுகிறவர் என்றுதான் படிப்பார்கள். 'புடைத்தல்' இன்னும் மோசம், அடிதடியாகிவிடும். 2023இல் தமிழக அரசு அமைத்த பிரிவுக்கே 'தகவல் சரிபார்ப்பகம்' என்றுதான் பெயர். சரிபார்ப்பு போதும்.

மிச்சம் 'டிஸ்இன்ஃபர்மேஷன்', அதாவது தெரிந்தே பரப்புவது. 'விதைபொய்' என்று எழுதிப் பார்த்தேன். விதைத்த, விதைக்கிற, விதைக்கும் பொய் என்று ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது; யாராவது பழக்கத்தில் ஒரு 'ப்' சேர்த்து 'விதைப்பொய்' என்று அச்சடித்தால் விதைக் கடைக்காரர் சொன்ன பொய்யாகிவிடும். இந்த ஆபத்தோடு அதைப் பட்டியலில் ஏற்றலாமா என்று தஞ்சாவூர் அம்மாதான் சொல்ல வேண்டும்.