கேபிள் கழற்றி மாட்டி அப்டேட் செய்த பிறகு ஸ்மார்ட் போர்டில் டச் வேலை செய்யவில்லை. சக ஆசிரியர்களுக்கு மறுபடி எப்படிப் பழக்குவது?

மண்டபம் டீச்சர்:
வணக்கம். மண்டபம் ஒன்றியத்தில் கடற்கரையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஸ்மார்ட் போர்டுக்கு அண்மையில் ஒருவர் வந்து, பின்னால் இருந்த கேபிள்களைக் கழற்றி மாட்டி, மென்பொருளை அப்டேட் செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பள்ளி லேப்டாப்பை இணைத்தால் படம் வருகிறது, சத்தம் வருகிறது, ஆனால் போர்டில் தொட்டால் எதுவும் நடப்பதில்லை. போர்டை மட்டும் தனியாக ஓட்டினால் டச் வேலை செய்கிறது. அப்போதும் சில மதியங்களில் யாரும் தொடாமலே கோடுகள் விழுகின்றன.

இன்னொன்று, போர்டின் பின்னால் செருகியிருக்கும் விண்டோஸ் பெட்டி (போர்டுக்கான சின்னக் கணினி). கரண்ட் போய் வந்தால் அதன் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. பிறகு எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கைதான் வருகிறது. என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் இணைக்கிறோம், முதல் பாடவேளை முடிவதற்குள் அன்றைய டேட்டா காலி.

இதெல்லாம் கூட எப்படியாவது சரியாகிவிடும். எனக்குப் பெரிய கவலை வேறு. வட்டார வள மையப் பயிற்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்தான் போக முடிந்தது. அவர் எழுதி வந்த குறிப்பில் “இடது ஓரம், மூன்றாவது படம்” என்றுதான் எல்லாம் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. மூத்த ஆசிரியைகள் இருவர் நன்றாகப் பழகி வந்தார்கள், இப்போது மறுபடி கரும்பலகைக்கே போய்விட்டார்கள். அவர்களை எப்படி மீட்டுக்கொண்டு வருவது? தலைமையாசிரியர் என்னையே சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்.

கீழக்கரை கணினி சார்:
டீச்சர், முதல் சிக்கலுக்குப் போர்டின் பக்கவாட்டைப் பாருங்கள். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ கேபிள் எந்த எண் போட்ட துளையில் இருக்கிறது? அதோடு சதுர முனை கொண்ட ஒரு யுஎஸ்பி கேபிள் (பிரின்டருக்கு வருமே, அதே மாதிரி) எந்தத் துளையில் இருக்கிறது? அதன் பக்கத்தில் டச் என்று எழுதியிருக்கும்.

மண்டபம் டீச்சர்:
பார்த்தேன் சார். எச்டிஎம்ஐ இரண்டில் இருக்கிறது. சதுர முனை கேபிள் டச் ஒன்றில் இருக்கிறது. அந்தக் கேபிளின் மறுமுனை லேப்டாப்பில் மாட்டாமல் சும்மா தொங்குகிறது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் ஒதுக்கிவைத்திருந்தோம்.

கீழக்கரை கணினி சார்:
அதுதான் விஷயம். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் லேப்டாப்பிலிருந்து போர்டுக்கு மட்டுமே கொண்டுபோகும். நீங்கள் விரலால் தொட்ட இடத்தை லேப்டாப்புக்குத் திருப்பிச் சொல்வது அந்த யுஎஸ்பி கேபிள். அதன் தட்டை முனையை லேப்டாப்பில் செருகுங்கள். எச்டிஎம்ஐ இரண்டு என்றால் டச்சும் இரண்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் இவை ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்யும். கேபிள்களை மாட்டிய பிறகு, இரண்டு முனைகளிலும் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்து யார் வந்து கழற்றினாலும் குழப்பம் வராது.

செருகிய பிறகும், போர்டில் தொட்டால் லேப்டாப் திரையில் அம்புக்குறி நகர்கிறது என்றால் பயப்படாதீர்கள். விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு பி (P) எழுத்தை அழுத்தி, டூப்ளிகேட் (இரண்டு திரையிலும் ஒரே காட்சி) தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டெண்ட் (இரண்டு திரையிலும் வேறு வேறு காட்சி) முறையில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் திறந்து செட்டப் அழுத்துங்கள். எழுத்து போர்டில் தோன்றும்வரை என்டர் தட்டி, தோன்றியதும் போர்டைத் தொடுங்கள். எந்தத் திரை டச் திரை என்று விண்டோஸ் தெரிந்துகொள்ளும்.

தொண்டி அறிவியல் சார்:
தானாகக் கோடு விழுவதைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பள்ளியிலும் அதே கடற்காற்றுதான். வகுப்பறைப் போர்டுகளில் நிறைய அகச்சிவப்பு வகை. சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகளும் உணரிகளும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் அந்தக் கதிரை மறைக்கும் இடம்தான் தொட்ட இடம். உப்புப் படலமோ, மணலோ, பக்கத்துக் கரும்பலகையின் சுண்ணத் தூளோ அந்தச் சட்டத்தில் படிந்தால், அதையும் போர்டு விரல் என்றே எடுத்துக்கொள்ளும். வெயில் நேரடியாகச் சட்டத்தில் விழுந்தாலும் இதே கதை. மதியத்தில் மட்டும் வருகிறது என்றால், உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று பாருங்கள், ஒரு திரைச்சீலை போதும்.

துடைக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் முதலில் உலர்வாகத் துடையுங்கள். உப்புப் பிசுபிசுப்பு போகாவிட்டால் நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி. எதையும் நேராகத் திரையில் தெளிக்கக் கூடாது. சட்டத்தின் இடுக்குக்கு மென்மையான தூரிகை. நம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல், ஐப்பசி கார்த்திகையில் ஈரமும் உப்பும். அதனால் வாரத்தில் ஒருநாள் துடைப்பதை வகுப்பின் வழக்கமாகவே வைத்துவிட்டோம். நீண்ட விடுமுறையிலும் நடுநடுவே போர்டைச் சற்று நேரம் ஓடவிடச் சொல்வேன், மூடிய அறையில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

தேதி பின்னால் போவது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்ததால் இருக்கலாம். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ, இன்னும் தொடங்காததாகவோ கணினிக்குத் தோன்றும், அதனால்தான் எச்சரிக்கை. பேட்டரி விலை குறைவுதான், ஆனால் உத்தரவாதத்தில் இருக்கும் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை காலையில் முதல் வேலையாகத் தேதியைச் சரிசெய்துவிட்டுப் பாடம் தொடங்குங்கள்.

சாயல்குடி சார்:
டேட்டா காலியாவதற்கு ஒரு வழி. செட்டிங்ஸில் அந்த ஹாட்ஸ்பாட் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்குவது பெருமளவு நிற்கும். ஆக்டிவ் ஹவர்ஸ் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது பாட நேரத்தில் ரீஸ்டார்ட் ஆவதைத்தான் தடுக்கும், பதிவிறக்கத்தைத் தடுக்காது. இரண்டையும் வையுங்கள்.

ஆனால் அப்டேட்டையே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் விவரங்கள் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கின்றன, அதே கணினியில்தான் உள்நுழைகிறோம். சனிக்கிழமையோ, நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்திலோ ஒருநாள் ஒதுக்கி அப்டேட் செய்யுங்கள். போர்டின் சொந்த மென்பொருளை மாற்றும்போது மட்டும் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்டு திறக்காமலே போய்விடும் அபாயம் உண்டு. மழைக்காலத்தில் நம் பகுதி கரண்டை நம்ப முடியாது.

பாட வீடியோக்களுக்கு, அரசின் பாடத் தளமான திக்‌ஷா செயலியில் முந்தின நாளே வீட்டில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் ஓடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
டீச்சர், உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இரண்டு ஆசிரியைகளும் தினமும் கைப்பேசியில் வருகைப் பதிவு போடுகிறார்கள்தானே? அதற்கான டிஎன்எஸ்இடி செயலியும் பலமுறை முகம் மாறியிருக்கிறது. அதைச் சமாளித்தவர்களுக்குப் போர்டு வராது என்பதில்லை. நாற்பது பிள்ளைகள் பார்க்க, தேடித் தேடி நிற்க அவர்களுக்கு மனமில்லை. அந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும். முதல் பழக்கம் பிள்ளைகள் போன பிறகு, பூட்டிய வகுப்பறையில் நடக்கட்டும்.

குறிப்பு ஏன் பயனற்றுப் போனது என்றால், அதில் இடம்தான் எழுதப்பட்டிருக்கிறது, வேலை எழுதப்படவில்லை. “மூன்றாவது படம்” என்று படித்தவருக்கு அடுத்த அப்டேட் வந்ததும் எல்லாம் அந்நியம். “எழுத ஒரு பேனா எங்காவது இருக்கும், அழிக்க ஒன்று இருக்கும், லேப்டாப்புக்கு மாற்ற சோர்ஸ் என்று ஒன்று இருக்கும், எழுதியதைச் சேமிக்க ஒன்று இருக்கும்” என்று படித்தவர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். எந்தப் போர்டிலும் இந்த வேலைகள் உண்டு. அதனால் முதல் நாள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று காட்டவே வேண்டாம். “பேனாவைத் தேடுங்கள் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நமக்குத் தெரிந்ததை நாமே அழுத்திக் காட்டிவிட வேண்டும் என்று விரல் துடிக்கும். அழுத்திக் காட்டினால் அவர்கள் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடும். அவர்கள் விரல்தான் திரையில் பட வேண்டும்.

பொதுவான பயிற்சிக் கோப்பு எதையும் எடுக்காதீர்கள். மறுநாள் அந்த ஆசிரியை நடத்தப்போகும் பாடத்தையே எடுங்கள். சமூக அறிவியல் என்றால் பாம்பன் பாலம் இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாக விரியும் வகையில் இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படகு எப்படிப் போகும் என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டுவது ஒரு பாடம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பாடத்தை அவர்களே சொல்வார்கள். படம் திறப்பது, மேலே எழுதுவது, அழிப்பது, சேமிப்பது எல்லாம் அந்த ஒரு பாடத்திலேயே வந்துவிடுகிறது. தன் பாடத்துக்கு உதவியது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்தமுறை அவர்களே கேட்பார்கள்.

அப்புறம், அப்டேட் ஆன அன்றே புதிய திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து, என்ன எங்கே போயிருக்கிறது என்று தமிழில் எழுதி, அச்செடுத்துப் போர்டின் பக்கத்தில் ஒட்டுங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். தலைமையாசிரியர் மூலமாக வட்டார வள மையத்துக்கும் எழுதுங்கள்: அப்டேட் செய்ய ஆள் வரும்போது, என்ன மாறியது என்று அங்கேயே ஆசிரியர்களுக்குச் சற்று நேரம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று. மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். கருவி மாறுவது ஒருநாள், பயிற்சி வருவது எப்போதோ என்றால் நடுவில் நஷ்டப்படுவது பிள்ளைகள்தான்.

ஆர்.எஸ்.மங்கலம் டீச்சர்:
ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எங்கள் மாதிரி இரண்டு ஆசிரியர் பள்ளியில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? மாலை நான்கரைக்குப் பேருந்தை விட்டால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். பள்ளி விட்ட பிறகு உட்காருங்கள் என்று சொல்வது எளிது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
நியாயமான கேள்வி, டீச்சர். உங்களுக்குக் குறுவள மையக் கூட்டம்தான் இடம். வேறு பள்ளிகளின் ஆசிரியர்களும் அங்கே வருகிறார்கள். ஒரே வகைப் போர்டு வைத்திருக்கும் பள்ளிகள் சேர்ந்து, போர்டு இருக்கும் ஒரு பள்ளியிலேயே கூட்டத்தை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது பணி நேரம், உங்கள் பேருந்தும் தப்பாது. மாலையில் உட்காரச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

தேவிபட்டினம் தமிழாசிரியர்:
இழைக்குச் சற்று வெளியே, மன்னிக்கவும். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்கள் புதிய கணினியில் வெறும் குப்பையாகத் தெரிகின்றன. போயே போய்விட்டதா?

கீழக்கரை கணினி சார்:
போகவில்லை ஐயா. அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் அப்படியே தெரியும். நிரந்தரத் தீர்வு, ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிச் சேமிப்பது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

மண்டபம் டீச்சருக்கு ஒரு சொல். உங்கள் பெட்டி விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், 4 ஜிபி ரேமும் வேண்டும். பழைய பெட்டிகள் பல தேறாது. யாராவது கடையில் “போட்டுத் தருகிறேன்” என்றால் கொடுக்காதீர்கள். அது அரசு உடைமை, உள்ளே இருக்கும் பாடங்களும் போய்விடலாம். தேதிப் புகாரோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்.

மண்டபம் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. கேபிளை டச் இரண்டுக்கு மாற்றி லேப்டாப்பில் செருகியதும் டச் வந்துவிட்டது. எக்ஸ்டெண்டில் இருந்ததால் முதலில் லேப்டாப்பில்தான் அம்பு ஓடியது, கீழக்கரை சார் சொன்னபடி டூப்ளிகேட் ஆக்கினோம். சட்டத்தைத் துடைத்தபோது துணி வெள்ளையாக வந்தது. கோடு விழுவது குறைந்திருக்கிறது, மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டபின் முழுதாகப் பார்க்க வேண்டும். மீட்டர்டு ஆன் செய்துவிட்டேன். தேதிக்கும் விண்டோஸ் 10க்கும் சேர்த்துப் புகார் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆசிரியைகளில் ஒருவர் பாம்பன் பாடத்தை நேற்றே நடத்தினார். பேனாவை அவரே கண்டுபிடித்தார், சேமிப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். இன்னொருவர் அறிவியல் பாடத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏழாம் வகுப்பில் ஒளி பற்றிய பாடம். இதே போர்டில் யாராவது நடத்தியிருந்தால் என்ன படங்கள் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

தொண்டி அறிவியல் சார்:
நடத்தியிருக்கிறேன் டீச்சர். எதிரொளிப்புக்குப் படமே வேண்டாம். போர்டில் கண்ணாடியை ஒரு நேர்கோடாகப் போட்டுவிட்டு, படுகதிரைப் பிள்ளைகளை வந்து வரையச் சொல்லுங்கள். கோணமானி கருவி உங்கள் போர்டின் மெனுவிலேயே இருக்கும், கணிதக் கருவிகள் என்ற தலைப்பில் தேடச் சொல்லுங்கள். திக்‌ஷாவில் பாடப் புத்தகத்தின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து வரும் வீடியோவைக் கடைசியில் போடலாம். என் கோப்பை இன்று மாலை இங்கே இணைக்கிறேன்.