பிஎம்டபிள்யூ மேல் ஏன் இவ்வளவு பைத்தியம்? 1959-இல் உண்மையில் என்ன நடந்தது?

வேளச்சேரி_விஜி:

ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை, முடிவே வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். மெர்சிடிஸ் என்றால் எனக்குப் புரிகிறது, 1886-இல் கார்ல் பென்ஸ் வாங்கிய காப்புரிமையிலிருந்தே அவர்கள் கதை ஆரம்பிக்கிறது, பெருமைப்பட ஒரு காரணம் இருக்கிறது. பிஎம்டபிள்யூவுக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒருவர் "விமான எஞ்சின் செய்தவர்கள், சின்னத்தில் இருப்பதே சுற்றும் புரொப்பெல்லர்தான்" என்கிறார். இன்னொருவர் "1959-இல் திவாலாகி பென்ஸ் கையில் போகவிருந்த கம்பெனி, என்ன பெரிய பாரம்பரியம்" என்கிறார். இரண்டில் எது உண்மை? அடுத்த மாதம் வேலையாக மியூனிக் போகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீயாக இருப்பேன், பார்க்க ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். விளம்பர வசனம் மட்டும் வேண்டாம்.

பழைய_கராஜ்:

இரண்டாவது ஆள் சொன்னது ஏறக்குறைய சரி. முதல் ஆள் பாதி சரி.

சின்னத்தில் இருப்பது பவேரியாவின் நீலமும் வெள்ளையும். 1917-இல் பதிவு செய்யும்போது அரசுச் சின்னத்தை வியாபாரக் குறியில் அப்படியே போடக்கூடாது என்று சட்டம் இருந்ததால் நிறங்களை இடம் மாற்றிப் போட்டார்கள். 1929-இல் ஒரு விளம்பரத்தில் விமானத்தின் முன்னால் சுற்றும் வட்டமாக அதை வரைந்தார்கள், புரொப்பெல்லர் கதைக்கு வேர் அதுதான். ஆனால் விமான எஞ்சினில் தொடங்கியது நிஜம். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, விமானத் தொழிலுக்குத் தடைபோட்ட வெர்சாய் ஒப்பந்தம் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியாளர் 1923-இல் ஆர்32 பைக்கை வடிவமைத்தார். காருக்கு வந்தது 1928-இல்தான், அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. ஐசெனாக் ஊரில் டிக்ஸி என்ற பெயரில் ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவனை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை வாங்கிப் போட்டார்கள். பெரிய சொகுசுக் கார் கம்பெனியின் முதல் கார் ஒரு குட்டி இங்கிலாந்துக் கார்!

இப்போது 1959. அது புரிய 1950-களின் மேற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். போர் முடிந்தபோது ஐசெனாக் சோவியத் பக்கம் போய்விட்டது, மியூனிக் தொழிற்சாலை சிதைந்து கிடந்தது. பிறகு ஜெர்மனி கிடுகிடுவென்று எழுந்தது, குடும்பங்கள் கையில் காசு வந்தது, எல்லோருக்கும் ஒரு நடுத்தரக் கார் தேவைப்பட்டது. பிஎம்டபிள்யூவிடம் அந்த ஒன்றுதான் இல்லை. மேலே 501, 502 என்று பரோக் தேவதை என மக்கள் செல்லப்பெயர் வைத்த குண்டுக் கார்கள், டாக்டர்களும் தொழிலதிபர்களும் வாங்குவது. கீழே இசெட்டா, இத்தாலியரிடம் உரிமம் வாங்கியது, முகத்தையே கதவாகத் திறந்து ஏறும் முட்டை வடிவ வண்டி, பைக் எஞ்சின். இசெட்டா 1 லட்சத்து 60 ஆயிரம் அளவில் விற்றது, ஆனால் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். போதாததற்கு 507 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஆல்பிரெக்ட் கூர்ட்ஸ் வடிவமைத்தது, இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. எல்விஸ் பிரெஸ்லி ராணுவச் சேவைக்கு ஜெர்மனி வந்தபோது ஒன்று வைத்திருந்தார். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு விற்கலாம் என்று நினைத்த வண்டி, செலவு ஏறி ஏறி அதைப்போல் இரண்டு மடங்கு விலைக்குப் போய் நின்றது. மொத்தமே 250 சொச்சம்தான் செய்தார்கள்.

ஆக 1959 டிசம்பர் 9. பங்குதாரர் கூட்டம். நிர்வாகம் வைத்த திட்டம், பங்கு மூலதனத்தைக் குறைத்து, புதுப் பங்குகளை மெர்சிடிஸ் செய்த டைம்லர்-பென்ஸ் எடுத்துக்கொள்வது. திட்டத்துக்குப் பின்னால் டாய்ச்ச பேங்க். அப்படி நடந்திருந்தால் மியூனிக் ஆலை பென்ஸுக்கு உதிரி செய்துகொடுக்கும் பட்டறையாகியிருக்கும். சிறு பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்துப் போனார்கள். பல மணி நேரம் கத்தல். அவர்கள் பக்கம் ஃபிரீட்ரிஷ் மாத்தர்ன் என்ற வக்கீல் கணக்குப் புத்தகத்தைப் பிடித்தார்: அப்போதுதான் வந்திருந்த 700 என்ற மாடல் காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருடக் கணக்கில் எழுதித் தள்ளி நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். கணக்கில் ஆட்சேபம் என்று 10 சதவீத ஓட்டு இருந்தாலே கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்பது சட்டம். தள்ளிவைத்தார்கள், பென்ஸின் திட்டம் அன்றோடு காலாவதி. எனக்குப் பிடித்தது இதுதான், அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது எந்த எஞ்சினும் இல்லை, ஒரு கணக்குப் பிழை.

அப்புறம்தான் ஹெர்பர்ட் குவான்ட் வருகிறார். சிறுவயதிலிருந்தே கண் பார்வை கிட்டத்தட்ட இல்லாதவர். பணக்காரர், பிஎம்டபிள்யூவிலும் பங்கு, டைம்லரிலும் பங்கு. அவருக்கு எது லாபம் என்று யோசித்தால் பென்ஸோடு சேர்ப்பதே சுலபம். அவர் எதிர்ப்பக்கம் போய், பிஎம்டபிள்யூ பங்குகளை மேலும் வாங்கி, பணம் போட்டார். 700 வண்டி நன்றாக விற்றுக் கொஞ்சம் மூச்சுவிட வைத்தது, மியூனிக்கின் அல்லாக் பகுதியில் இருந்த விமான எஞ்சின் பிரிவில் பாதியை எம்ஏஎன் கம்பெனிக்கு விற்றதிலும் காசு வந்தது. 1961 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற நடுத்தர செடான், "நோயே கிளாஸ்ஸ" (புது வகுப்பு) வரிசையின் முதல் வண்டி. இத்தனை வருடம் காலியாக வைத்திருந்த அதே நடு இடம்!

ஆறு_சிலிண்டர்:

பழைய_கராஜ் அண்ணன் வரலாறு சொல்லிவிட்டார், "ஏன் பைத்தியம்" என்பதற்கு நான் வருகிறேன்.

அந்த 1500 வண்டியில்தான் எல்லாமே இருக்கிறது. நாலு கதவு, குடும்பத்தோடு போகலாம், ஆனால் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக், 80 குதிரைத்திறன். அன்றைக்கு ஒன்றரை லிட்டர் குடும்பக் காரில் இது அதிகம். விற்பனைத் தலைவர் பால் ஹானெமானுக்கு "நிஷென் பவுல" என்றே பட்டப்பெயர், போட்டியாளர்கள் விட்டுவைத்த சந்துகளைத் தேடிப் பிடிப்பவர் என்று அர்த்தம். அவர் பிடித்த சந்து இதுதான்: பென்ஸ் வாங்குபவர் பின்சீட்டில் உட்கார ஆசைப்படுபவர், நமக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆசைப்படுபவர் போதும். இது என் வாசகம், அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2002 என்ற கார் பிறந்த கதை தெரியுமா? எஞ்சின் தலைவர் அலெக்ஸ் ஃபோன் ஃபால்கன்ஹவுசன் தன் சொந்த உபயோகத்துக்கு இரண்டு கதவு 1600 வண்டியில் 2 லிட்டர் எஞ்சினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திட்டப் பிரிவுத் தலைவர் ஹெல்முட் வெர்னர் போன்ஷும் அதையே தனியாகச் செய்து வைத்திருந்தார். ஒருவருக்கொருவர் தெரியாது. தெரிந்ததும் சேர்ந்து போய் நிர்வாகத்திடம் கேட்டார்கள். அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மனும் அதே சமயம் வேகமான வண்டி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். 1968-இல் 2002 வந்தது. வேலை செய்கிறவர்களே தங்களுக்கென்று இப்படி வண்டி கட்டிக்கொண்டார்கள் என்றால் அந்த இடத்தில் என்ன மாதிரி ஆட்கள் இருந்தார்கள் என்று பாருங்கள்.

1500-க்கு ஃபால்கன்ஹவுசன் செய்த அந்த நாலு சிலிண்டர் எஞ்சின், பிற்காலத்தில் எம்10 என்று பெயர், கால் நூற்றாண்டு ஓடியது. அதன் இரும்பு பிளாக்கை அடித்தளமாக வைத்தே பால் ரோஷ என்ற பிஎம்டபிள்யூ பொறியாளர் ஃபார்முலா 1-க்கு 1.5 லிட்டர் டர்போ செய்தார், 1983-இல் பிராபம் அணியின் காரில் நெல்சன் பிக்கே உலக சாம்பியன். சந்தைக்குக் காய்கறி வாங்கப்போன வண்டியின் எஞ்சின் சார் அது!

ஆறு சிலிண்டர் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பெயருக்கே அசிங்கம். ஆறையும் ஒரே வரிசையில் வைத்தால் 1-உம் 6-உம், 2-உம் 5-உம், 3-உம் 4-உம் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். ஒரு பக்கத்து உதறலை இன்னொரு பக்கம் அப்படியே ரத்து செய்துவிடும். உதறலை அடக்கத் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டாம். மூன்று மூன்றாக வி வடிவில் வைத்த வி6-இல் இது தானாக வராது. ஆனால் வரிசை ஆறு நீளமானது, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் குறுக்காக வைக்க இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வி6-க்குப் போனார்கள். பென்ஸ்கூட 1990-களின் கடைசியில் மாறிவிட்டு, 2017-இல் திரும்ப வரிசை ஆறுக்கே வந்தது. பிஎம்டபிள்யூ விடவே இல்லை. எஞ்சினை நீளவாக்கில் கொஞ்சம் பின்தள்ளி வைத்து, பின்சக்கரத்தை ஓட்ட வைத்து, முன்னும் பின்னும் எடை பாதிப் பாதி வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். வளைவில் திருப்பும்போது முன்பக்கம் கனக்காமல் திரும்பும், அதுதான் பைத்தியத்துக்கு மருத்துவக் காரணம்.

இப்போதைய பெரிய கிரில்லைப் பற்றி யாரும் கேட்காதீர்கள். 1933-இல் 303 காரில் அந்த இரட்டைச் சிறுநீரக வடிவம் முதலில் வந்தபோது அளவாக, அழகாக இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

கசப்பு_மருந்து:

எல்லோரும் 1928-இலிருந்து 1959-க்கு ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். நடுவில் ஒரு போர் நடந்தது. 1930-களில் ஹிட்லர் அரசு ஆயுதம் சேர்க்க ஆரம்பித்ததும் பிஎம்டபிள்யூவின் முக்கிய வருமானம் விமான எஞ்சின்தான், காரும் பைக்கும் ஓரத்தில். ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்துக்கு 801 எஞ்சின் இவர்களுடையது. மேலே சொன்ன அல்லாக் ஆலையில் டாகாவ் வதைமுகாமின் கிளை முகாமே இருந்தது, கைதிகளும் வெளிநாடுகளிலிருந்து பிடித்து வந்தவர்களும் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள்.

குவான்ட் குடும்பமும் அப்படித்தான். ஹெர்பர்ட்டின் அப்பா குந்தர் குவான்ட்டின் பேட்டரி தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் வேலை செய்தார்கள், அந்தக் கம்பெனி நிர்வாகத்தில் ஹெர்பர்ட்டும் இருந்தார். 2007-இல் ஜெர்மன் டிவியில் ஒரு ஆவணப்படம் வந்து நாடே பேசிய பிறகுதான் குடும்பம் வரலாற்றாசிரியர் யோவாகிம் ஷோல்ட்டிசெக்கிடம் ஆய்வு ஒப்படைத்தது, 2011-இல் புத்தகமாக வந்தது. கம்பெனி தன் பங்குக்கு 2016-இல் நூற்றாண்டு விழாவில் வருத்தம் தெரிவித்தது. 1959-இன் ஹீரோ கதையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பணம் எங்கே சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய_கராஜ்:

கசப்பு_மருந்து சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஒன்று சேர்க்கிறேன், ஐசெனாக்கில் போருக்குப் பிறகும் பிஎம்டபிள்யூ பெயரிலேயே கார் செய்து விற்றார்கள், மியூனிக் வழக்குப் போட்ட பிறகு இஎம்டபிள்யூ என்று மாற்றி, நீலத்துக்குப் பதில் சிவப்பு அடித்துக்கொண்டார்கள். அந்த ஆலைதான் பிறகு கிழக்கு ஜெர்மனியின் வார்ட்பர்க் கார்களைச் செய்தது.

இசார்_கரை:

விஜி, மியூனிக்கில் பன்னிரண்டு மாதமும் குளிரும் சாரலும் என்று பயப்படாதீர்கள், நீங்கள் வந்தால் யூ3 ரயிலில் ஒலிம்பியாட்சென்ட்ரும் நிலையத்தில் இறங்குங்கள். எதிரிலேயே நாலு உருளை ஒட்டிய மாதிரி ஒரு கட்டடம், கார்ல் ஷ்வான்ட்சர் கட்டியது, அதுதான் தலைமை அலுவலகம். 1972 ஒலிம்பிக் வரும்போது உலகத்துக்குக் காட்ட வெளித்தோற்றத்தை முடித்துவிட்டார்கள், திறந்தது 1973-இல். மாடிகளைத் தரையில் கட்டி ஒவ்வொன்றாக மேலே தூக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிண்ணம் மாதிரி இருப்பது மியூசியம், அதற்கு டிக்கெட் உண்டு, திங்கள் விடுமுறை, உங்களுக்கு ஞாயிறுதான் என்பதால் பிரச்சினை இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிஎம்டபிள்யூ வெல்ட், உள்ளே போக இலவசம், புது வண்டி வாங்கியவர்கள் சாவி வாங்கிக்கொண்டு போவதை வேடிக்கை பார்க்கலாம். ஆலைச் சுற்றுலாவுக்கு முன்பதிவு வேண்டும், வார இறுதியை நம்பி வராதீர்கள்.

வேளச்சேரி_விஜி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கசப்பு_மருந்து அண்ணா, ஆபீஸில் அந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்வேன். இன்னொரு கேள்வி. சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் பழைய 3 சீரிஸ் ஒன்றை விற்கிறார், 320டி, 2010 மாடல், செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் கோர்த்தது. விலையைக் கேட்டால் புது ஹேட்ச்பேக்கைவிடக் குறைவு. வாங்கலாமா?

ஸ்பேனர்_மாமா:

தம்பி, வாங்கும் விலை குறைந்திருக்கிறது என்றால் பராமரிப்பு விலையும் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உதிரி பாகத்தின் விலை, வண்டி புதிதாக விற்ற விலையின் கணக்கில்தான் வரும்.

அந்த வருட 320டி-இல் இருப்பது என்47 டீசல் எஞ்சின். அதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது தேய்ந்தால் மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், உலகம் முழுக்கத் தெரிந்த தலைவலி. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள், நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்து பின்பக்கத்திலிருந்து உரசுகிற மாதிரி சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஆயில் மாற்றிய பில் வரிசையாக இருக்க வேண்டும், வாய்ச்சொல் வேண்டாம். டயர், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட்டா என்று பாருங்கள், அதில் ஸ்டெப்னி கிடையாது, நாலையும் ஒரேயடியாக மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பேட்டரி மாற்றியிருந்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள், அதைச் செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கணக்கிலேயே புதுசுக்கும் ஏற்றும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ராம்பில் ஏற்றி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.