தெற்குவாசலில் வாசலைத் தேடியவர்கள்

மதுரைக் கோட்டையைப் பற்றி மூன்று பேர் சொன்ன நினைவுகள் இவை.

கல்லூரியில் சேர மதுரைக்கு வந்த முதல் வாரம். தங்க இடம் தேட வேண்டியது தெற்குவாசலில். டவுன் பஸ்ஸில் ஏறியதும், "வாசல்கிட்ட இறக்கி விடுங்கண்ணே" என்றேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "எந்த வாசல்? ஸ்டாப்புதான் இருக்கு" என்றார். இறங்கி அரை மணி நேரம் பெட்டியும் கையுமாகச் சுற்றினேன். வளைவு இல்லை, கல்தூண் இல்லை. கண்ணில் பட்ட ஒரே வாசல் பள்ளிவாசல்! அதன் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "அது கோட்டை வாசல் தம்பி. வெள்ளைக்காரன் காலத்துலயே போயிருச்சு" என்றவர், பெட்டியைப் பார்த்துவிட்டு, "ரூம் தேடுறீங்களா?" என்றார்.

அப்புறம்தான் கதை தெரிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு, 72 கொத்தளங்களோடு பெரிதாக ஒன்று எழுப்பினார். 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் அதையும் இடிக்க வைத்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தாராம். கெட்டிக்கார துரை!

*

எங்கள் தாத்தா வீடு மாரட் வீதியில். பின்கட்டை இடித்துக் கட்ட அஸ்திவாரம் தோண்டினால், ஆறடி போயும் கெட்டி மண் வரவில்லை. செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, கருங்கல் சில்லு என்று வந்துகொண்டே இருந்தது. "இது நிரவுன மண்ணுங்கய்யா, இன்னும் ஆழம் போகணும்" என்று கொத்தனார் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கோட்டையை இடித்தபோது நில அளவை பார்த்தவர் மாரட், வேலையை நடத்தியவர் பெருமாள் மேஸ்திரி. இரண்டு பேர் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன. கூடுதல் சிமென்ட் பில் வரும்போதெல்லாம் அப்பா இவர்கள் இருவரையும் பெயர் சொல்லித்தான் திட்டுவார்.

*

கோட்டை வாசலைத் தொட்டே பார்க்க வேண்டுமா? அம்மன் சன்னதிப் பக்கம் விட்டவாசலுக்குப் போங்கள். பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் அது. மதிலை இடித்தபோது இதை மட்டும் விட்டுவிட்டதால் இந்தப் பெயர் என்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் மழைக்கு ஒதுங்கி அதனடியில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஈரச் சட்டை முதுகில் ஒட்ட, கல்லில் சாய்ந்தால் ஜில்லென்று ஏறும். யார் கட்டினது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. கோட்டையை இடித்த பிளாக்பர்னுக்கு ஊர்க்காரர்கள் நன்றியோடு எழுப்பிய நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? நமக்கு அது ஜவுளி எடுக்குற இடம்ல" என்றார்.