அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து லவ்விங் கவுண்டிப் (நம் மாவட்டம் மாதிரி) பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

பாலைக்காற்று
ஒடெஸாவிலிருந்து 302 சாலையில் அந்தக் கவுண்டியின் தலைநகரான மென்டோன் போனேன். கோர்ட்டைத் தாண்டினால் ஊர் முடிந்தது, அது தெரிந்த கதை. என்னை உறுத்துவது பெக்கோஸ் ஆறு. வெயில் தாங்காமல் இறங்கி முகம் கழுவினேன். காரில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தால் புருவமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உதட்டை நக்கினேன், உப்புக் கரித்தது. இந்தத் தண்ணீரை நம்பித்தான் 1893-இல் டென்வர் ஆசாமிகள் வாய்க்கால் கம்பெனி தொடங்கி, 150 வாக்காளர் கையெழுத்து என்று மனுப் போட்டு, கவுண்டி அமைத்தார்கள். அங்கே ஏது 150 பேர்? 1897-இல் கவுண்டியையே கலைத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்த்துவிட்டார்கள்.

நைட் ஷிப்ட்
ஊர் முடிந்தது என்கிறவர் வேலை நேரத்தில் வந்து பார்க்கட்டும். 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுக்கவே 64 பேர், சரி. ஆனால் ஒருநாள் ராத்திரி இடது பக்கம் திரும்ப நின்றேன். எதிரே வந்த லாரிகளை எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். தூரத்தில் எண்ணெய்க் கிணறுகளில் எரிவாயு எரிகிற வெளிச்சத்தில் என் கை நிழல் ஸ்டியரிங்மேல் ஆடிக்கொண்டே இருந்தது. 1897-ஓடு கதையை நிறுத்தினால் எப்படி? எண்ணெய் கிடைத்த பிறகு, 1931-இல் அதே கவுண்டியை மறுபடி அமைத்தார்களே! டெக்ஸாஸில் இரண்டு தடவை அமைந்த கவுண்டி இது ஒன்றுதான்.

ஊர்சுற்றி
பெயரில் காதல் இருக்கிறதே என்று கல்யாண நாளன்று மனைவியைக் கூட்டிப் போனேன். போன பிறகுதான் படித்துச் சொன்னேன்: ஆலிவர் லவ்விங் என்ற மாட்டு வியாபாரியின் பெயராம், 1867-இல் மந்தை ஓட்டப் போனபோது பெக்கோஸ் கரையில் கமாஞ்சி என்ற பூர்வகுடியினரிடம் காயம்பட்டு, ஃபோர்ட் சம்னரில் இறந்தவராம். அவள் கார்க் கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், போகிறவர்களுக்கு: டேங்கை ஒடெஸாவிலேயே நிரப்பிவிடுங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும். மணல் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், கல் தெறித்தால் கண்ணாடி காலி. முந்தவும் வேண்டாம், ஒன்றைத் தாண்டினால் முன்னால் இன்னொன்று நிற்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள். செருப்போடு ஓரத்தில் இறங்காதீர்கள், முள். மேப்பை முன்னாடியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால்

பாலைக்காற்று
அண்ணே, நான் போய் வந்துவிட்டேன். கேட்டது அந்த 150 கையெழுத்தைப் பற்றி.