ஓயாவிலும் பீலியிலும் குளிக்கும் தண்ணீரைச் சோதிப்பது: களத்தில் கண்டவை

ஓயாவிலும் (ஆறு) பீலியிலும் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) மலக்கிருமி இருக்கிறதா என்று சோதிப்பது பற்றி மூவர் பேசுகிறோம்: ஆற்றில் மாதிரி எடுப்பவர் (ஓயாக்கரை), ஆய்வுகூடத்தில் இருப்பவர் (ஆய்வுமேசை), பீலிகளைப் பார்ப்பவர் (பீலிக்கரை).

ஓயாக்கரை:
சோதனைப் பெறுபேறு பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் கெடுவதில்லை, ஆற்றங்கரையிலேயே கெட்டுவிடுகிறது. ஆட்கள் இறங்கிக் குளிக்கிற இடத்துக்கே போய் ஓட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். கிருமி நீக்கிய போத்தலின் மூடியை உள்பக்கம் கைபடாமல் திறந்து, கவிழ்த்தபடி 30 சென்ரிமீற்றர் இறக்கி, அங்கே வாயை ஓட்டம் வரும் பக்கம் திருப்பினால் மேலே மிதக்கும் படலம் கலக்காது. முட்ட நிரப்பாதீர்கள், குலுக்குவதற்கு இரண்டு விரல் இடம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 குளிநீர்ப் பணிப்புரை, முடிந்தால் ஒரு மீற்றராவது ஆழமுள்ள இடத்தில் மாதிரி எடுக்கச் சொல்கிறது. வெயில் காலத்தில் நம் ஓயாக்களில் அந்த ஆழத்தைத் தேடி அலைய வேண்டாம். காலால் அடிமணல் கிளம்பாத இடமாக இருந்தால் சரி. மணல் கிளம்பினால் அதில் தங்கிய பக்டீரியாவும் போத்தலுக்குள் வந்து எண்ணிக்கை ஏறிவிடும்.

ஐஸ் பெட்டியில் 10 பாகைக்குக் கீழே வைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிடுங்கள். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிற நேரத்தை முதலில் கணக்குப் பாருங்கள். வெள்ளி பின்னேரம் எடுத்து திங்கள் வரை கிடந்த போத்தலைச் சோதிப்பதில் பயனே இல்லை.

ஆய்வுமேசை:
ஓயாக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லேபலில் இடமும் நேரமும் மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். கடைசி 48 மணித்தியாலத்தில் மழையா, தண்ணீர் கலங்கலா, எத்தனை பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் வேண்டும். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் பெருமழை, கானிலும் (கழிவுநீர் வாய்க்கால்) மலசலகூடக் குழியோரத்திலும் கிடந்ததையெல்லாம் ஒரேயடியாக ஆற்றில் சேர்த்துவிடும். வெயில் நாளில் மட்டும் மாதிரி எடுத்து "நல்ல தண்ணீர்" என்று எழுதிக் கொடுப்பது குளிக்கிற பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகும் மழை நாள் மாதிரி கட்டாயம் வேண்டும்.

எண்களைப் பற்றி: ஐரோப்பிய அளவில் ஆறு, ஏரிகளுக்கு 100 மில்லிலீற்றரில் மலத்தோடு வரும் பக்டீரியாக்களான ஈ.கோலை 500, என்டெரோகொக்கஸ் 200 வரை முதல்தரம்; 1000, 400 வரை இரண்டாம் தரம். இவை ஒற்றை மாதிரிக்கான எல்லைகள் அல்ல. குறைந்தது 16 மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கும் அளவுகள். இலங்கையில் 2019இல் வந்த சுற்றுப்புற நீர்த் தர ஒழுங்குவிதிகளில் குளிக்கும் நீருக்குத் தனி வகுப்பே இருக்கிறது. குடிநீருக்கான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 614 கேட்கும் பூச்சிய ஈ.கோலையை ஆற்றில் தேடிப் பயப்படவும் வேண்டாம்.

ஈ.கோலை குறைவாக இருந்தாலும் எலிக்காய்ச்சல் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கிருமி எலி, மாட்டு மூத்திரத்தால் வருவது. இந்தச் சோதனையில் அகப்படாது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் கலங்கல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பீலிக்கரை:
லயத்து (தோட்டக் குடியிருப்பு) பீலிக்கு வேறு கணக்கு. அங்கே கெடுவது ஊற்றுவாயில். மூடியில்லாத தொட்டி, வெடித்த குழாய், மேலே மாட்டுப்பட்டி, 30 மீற்றருக்குள் மலசலகூடக் குழி: முதலில் இவற்றைப் பாருங்கள். ஊற்றுக்கு மேல்புறம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பாதிக் கலங்கல் நின்றுவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும் பீலியிலும் ஆற்றிலும் குளோரீன் தூள் கொட்டுவது வீண். தண்ணீரோடு போய் கீழே மீனைத்தான் கொல்லும். குழாயை மூடி நிறுத்தக்கூடிய தொட்டியாக இருந்தால் மட்டும் செய்யலாம். 1000 லீற்றருக்கு 30 சதவீதத் தூள் 7 கிராம். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வழக்கமாகச் சொல்லும் அரை மணித்தியாலம் நம் குளிருக்குப் போதாது, ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு மிச்சக் குளோரீன் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இது எதுவும் வேலை செய்யாது.

மலக்கிருமி இருந்தால் கறுப்பாக மாறும் எச்.டூ.எஸ். சோதனைப் போத்தலை நுவரெலியாவில் ஜன்னலோரம் வைத்துவிட்டு "கறுக்கவில்லை" என்று நம்பாதீர்கள். சராசரி 16 பாகைக் குளிரில் அது மிக மெதுவாகத்தான் மாறும். 30 பாகைக்கு மேல் வெதுவெதுப்பாக வைத்து 48 மணித்தியாலம் பாருங்கள்.

ஓயாக்கரை:
எண்ணிக்கை கூடினால் அடுத்த நாளே ஆற்றோடு மேல்நோக்கி நடக்க வேண்டும். கான் வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் சேர்வதற்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வருகிற இடத்தில், அந்தக் கானைப் பிடித்து ஏறுங்கள். கண்டதைப் படத்தோடு பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எழுத்தில் கொடுங்கள். பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதி போக வேண்டும். மழைக்குப் பின் 48 மணித்தியாலம் இறங்க வேண்டாம் என்ற பலகை, தமிழிலும் சிங்களத்திலும், ஆற்றில் இறங்கும் படியிலேயே இருக்கட்டும்.